ஈட்டிக்கு முன்னால் ஒரு கோடு

கலை என்பது வயிறு நிறைந்த பின் வருவது என்றோர் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. மனிதன் முதலில் வேட்டையாடினான், கருவி செய்தான், உழுதான். ஓய்வு கிடைத்தபோது பாடினான், வரைந்தான் என்று பள்ளிப் பாடம் முதல் மேடை உரை வரை ஒரே வரிசைதான் சொல்லப்பட்டு வருகிறது. அந்த வரிசையைத் தலைகீழாக்கிய ஓவியர் ஒருவரைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். அவர் அமெரிக்கரான பார்னெட் நியூமன் (1905-1970).

நியூயார்க்கில் குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் நியூமன். நிரந்தர ஓவிய ஆசிரியர் பணிக்கான தேர்வில் தேறாமல், 1930களில் பதிலி ஆசிரியராகவே பணிபுரிந்தார். இரண்டாம் உலகப்போரின் பேரழிவுக்குப் பின், பூக்களையும் அழகிய உடல்களையும் பழையபடி வரைந்துகொண்டிருப்பது இயலாத காரியம் என்று அவருக்குத் தோன்றியது. எதை வரைவது என்ற கேள்வியை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்தத் தேடலின் ஊடே, 1947 அக்டோபரில் 'டைகர்ஸ் ஐ' என்னும் சிற்றிதழில் 'முதல் மனிதன் ஒரு கலைஞன்' என்ற கட்டுரையை எழுதினார்.

மனித இனத்தின் தோற்றத்தை ஆராயும் அறிவியல், முதல் மனிதன் எத்தகைய உயிரி என்று கேட்கிறது; எலும்பையும் கல்லையும் அளக்கிறது. அவன் யார் என்று அது கேட்பதில்லை என்பது நியூமனின் முறையீடு. அந்தக் கேள்விக்கு அவர் தரும் விடை துணிச்சலானது. மனிதனின் முதல் ஒலி, தண்ணீர் வேண்டும் என்ற கோரிக்கையாக இருந்திருக்காது. தன்னையும் தன் முன் விரிந்த வெறுமையையும் உணர்ந்தவனின் வியப்பும் சினமும் கையறு நிலையும் கலந்த கூவலாகவே இருந்திருக்கும். குச்சியை ஈட்டியாக எறியக் கற்பதற்கு முன்பே அவன் கை அதே குச்சியால் சேற்றில் கோடு கிழித்திருக்கும். செய்தி சொல்வதற்கு முன்பே மொழி கவிதையாய் இருந்தது என்கிறார் அவர்.

தமிழ் படித்தவருக்கு இது முற்றிலும் அந்நியமான சிந்தனை அன்று. தொல்காப்பியம் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளில் மருட்கையும் வெகுளியும் அச்சமும் இடம்பெறுகின்றன. அவை உடலில் வெளிப்படும் உணர்வுகள். சொல்லுக்கு முன்னரே உடல் பேசிவிடுகிறது என்ற அறிதல் நம் இலக்கணத்திலும் உண்டு.

ஆனால் சான்றுகள் நியூமன் பக்கம் நிற்கின்றனவா? கால வரிசையாக மட்டும் எடுத்துக்கொண்டால், இல்லை. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்து 2015இல் அறிவிக்கப்பட்ட கற்கருவிகள் ஏறத்தாழ 33 லட்சம் ஆண்டுப் பழமையானவை. அவற்றோடு போட்டியிடக்கூடிய கோடு எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. ஈட்டியை எடுத்துக்கொண்டாலோ கதை சுவையாகிறது. இங்கிலாந்தின் கிளாக்டனில் 1911இல் கிடைத்த மர ஈட்டியின் முனைக்கு ஏறத்தாழ 4 லட்சம் ஆண்டு வயது. ஜாவாவின் டிரினிலில் 1890களில் யூஜின் துபுவா திரட்டிய சிப்பிகளுள் ஒன்றில் வளைந்து நெளியும் கீறல் இருப்பது ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரே கண்டறியப்பட்டு, 2014இல் அறிவிக்கப்பட்டது. அதன் வயது குறைந்தது 4 லட்சத்து 30 ஆயிரம் ஆண்டு. கீறிய கை நம் இனத்தினுடையதும் அன்று. ஹோமோ எரெக்டஸ் என்னும் முந்தைய மானுடத்தினுடையது. அழுகிவிடும் மரத்தில் எத்தனையோ ஈட்டிகள் அழிந்திருக்கும். சேற்றில் இட்ட கோடுகளும் அப்படியே. ஆகவே இந்தப் பந்தயத்தில் வென்றது எது என்று தீர்ப்புச் சொல்ல நாம் முனையவில்லை. பயன்தான் வேர், கலை அதன் உச்சியில் பூத்த உபரி என்று அடித்துச் சொல்வோருக்கு அந்தச் சிப்பி ஒரு தடை என்பதே போதும்.

நியூமனோடு நாம் மாறுபடும் இடமும் ஒன்று உண்டு. அவருடைய முதல் மனிதன் தனியன்; வெறுமைக்கு எதிரே ஒற்றையாய் நின்று கூவுபவன். பிரான்சின் கர்காஸ் குகையில் ஏறத்தாழ 27,000 ஆண்டுகளுக்கு முந்தைய கைப்பதிவுகள் உள்ளன. சுவரில் கையை வைத்து, சுற்றிலும் வண்ணம் படரவிட்டு எடுக்கப்பட்ட நிழல்கள் அவை. அவற்றுள் சிறு குழந்தைகளின் கைகளும் இருக்கின்றன. குழந்தை தானே கையை அசையாமல் வைத்து வண்ணத்தை ஊதியிருக்க முடியாது. யாரோ ஒருவர் அந்தச் சிறு கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். படைப்பின் தொடக்கத்தில் தனிமை மட்டும் இல்லை. பிடித்துக்கொண்ட கை ஒன்றும் இருந்தது. இனப் பிரக்ஞை என்று நாம் கருதுவது இதைத்தான்: 'நானும் இருந்தேன்' என்பதோடு 'நம்மவரும் இருந்தார்கள்' என்று சொல்லத் தோன்றும் உணர்வு.

கட்டுரை வெளிவந்த சில மாதங்களில், 1948 ஜனவரி 29 அன்று, தம் 43ஆம் பிறந்தநாளில், நியூமன் ஒரு சிறிய திரையில் செம்பழுப்பு வண்ணம் பூசி, நடுவே மேலிருந்து கீழாக ஒட்டுநாடாவை ஒட்டி, அதன்மேல் செம்மஞ்சள் தோய்ந்த சிவப்பைத் தீற்றினார். பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டுப் பல மாதங்கள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 'ஒன்மெண்ட் 1' என்னும் அந்த ஓவியம் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் என்ன இருக்கிறது, ஒரு கோடுதானே என்று கேட்போர் உண்டு. ஆம், ஒரு கோடுதான். சேற்றில் குச்சியால் கிழிக்கப்பட்ட கோட்டிற்கும் அதற்கும் இடையே எத்தனை லட்சம் ஆண்டுகள் என்பதுதான் எண்ணத் தக்கது.

இவையெல்லாம் நமக்கு எதற்கு? பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் ஓவியப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வது நம் பள்ளிகள் பலவற்றில் வழக்கமாகிவிட்டது. தமிழிலக்கியம் பயில வரும் மாணவரிடம் 'இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?' என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் பெற்றோரே. பசி பொய் என்று நாம் சொல்லவில்லை. வேலை வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேலையின் பொருட்டுப் பறிக்கப்படும் அந்த ஒரு பாடவேளையில் பிள்ளை கற்றுக்கொண்டிருந்தது பொழுதுபோக்கு என்று நம்புவதே பிழை என்கிறோம். எழுதுகோலைப் பிடிக்கத் தெரியாத குழந்தை கரித்துண்டு கிடைத்தால் சுவரில் கிறுக்குகிறது. அதற்கு நாம் யாரும் கற்றுத்தரவில்லை. அதை அழிக்க மட்டும் கற்றுத்தருகிறோம். அந்தப் பாடவேளையைத் திருப்பிக் கொடுப்பது பள்ளிகளுக்குப் பெரிய இழப்பாகாது.