டியூப் லைட் நேராகத் தெரிகிறதா?

வானொலியில் ஐந்து விநாடி மௌனம் வந்தால் போதும், எனக்குக் கை பரபரக்கும். ஏதாவது பேசு, பாட்டைப் போடு, விளம்பரத்தையாவது தட்டு என்று உள்ளே ஒரு மணி அடிக்கும். சும்மா இருப்பது என் தொழிலில் குற்றம். அப்படிப்பட்ட என் கையில் பிரஷைக் கொடுத்து, ஒரு படகுக்குப் பக்கத்தில் நிறுத்தினார் அப்பா.

பீடோரில் அப்பா தொடாத சுவரே இல்லை என்று அம்மா கேலி செய்வார். தோட்டத்து லயங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துத் தொழில் பழகியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஆட்கள் பட்டணத்துக்கு நகர்ந்த பிறகு கடைவீடுகள், கோயில் கதவுகள், பள்ளிக்கூட நாற்காலிகள் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாயம் பூசித்தான் எங்களைப் படிக்க வைத்தார். பீடோருக்குக் கடல் கிடையாது. இருந்தாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எங்கள் வீட்டு முன்கூரையின் கீழ் ஒரு சம்பான் வந்து படுத்துக்கொள்ளும். உத்தான் மெலிந்தாங்கில், பெர்ணம் ஆற்றோரம் இருக்கும் அப்பாவின் சீன நண்பருடையது. 12 அடி பலகைப் படகு. லாரியில் வரும், பளபளவென்று திரும்பிப் போகும். கூலி கிடையாது. ஆனால் ஆண்டு முழுக்க இறாலும் நண்டும் வரும்.

இந்த முறை படகு வருவதற்குள் சர்க்கரை அப்பாவின் கண்ணைத் தொட்டுவிட்டது. ஆள் தெரிகிறது, படகின் உருவம் தெரிகிறது. பிரஷ் விட்டுப்போகும் கோடு தெரியவில்லை. "வேற ஆள வச்சிப் பூசலாம்பா" என்றேன். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்றாம் நாள் பசியாறும்போது, "ஒரு நாலு நாள் லீவு கெடைக்குமா பாப்பா?" என்றார். என் பட்டமளிப்பு விழாவுக்கே, "நீ அலையாத, நான் பஸ் புடிச்சி வந்துக்கிறேன்" என்றவர் அவர். மறுபேச்சு இல்லாமல் லீவு எழுதிக் கொடுத்தேன்.

சாய டின்னைத் திறக்கவே இரண்டு நாள் ஆயிற்று. வழவழப்பு என்பது சாயத்தில் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அது தேய்ப்பதில் இருக்கிறது. பளபளப்புச் சாயம் எதையும் மறைக்காது; அடியில் ஒரு மணல் இருந்தால் அதை ஊருக்கே காட்டிக் கொடுக்கும். உப்புத்தாளை (கடையில் 'கெர்த்தாஸ் பாசிர்' என்றால்தான் எடுத்துக் கொடுப்பார்கள்) 80ஆம் எண்ணில் தொடங்கி 120, பிறகு 220 என்று போனோம். எண் கூடக்கூட மணல் பொடிசாகும். மரத்தின் ரேகை ஓடும் திசையில்தான் தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் மூன்று பூச்சுக்குப் பிறகும் எட்டிப் பார்க்கும். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம் என்பதால், அது இருந்த இடங்களைத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் கறுப்புத் தாளால் தேய்த்தோம், தூள் பறக்காது. முகக்கவசமும் போட்டுக்கொண்டோம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பழைய கதவு, சன்னலைச் சுரண்டுகிறவர்களும் இதைக் கவனியுங்கள்.

தேய்க்கும்போது அப்பாவுக்குக் கண்ணே தேவைப்படவில்லை. உள்ளங்கையைப் பலகை மேல் மெல்ல ஓட்டுவார். ஓரிடத்தில் கை நிற்கும். நான் குனிந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. விரல் வைத்துப் பார்த்தால் மேடு இருக்கும்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருந்த கோட்டையும் பட்டி வைத்து மூடிவிடலாம் என்று போனேன். தடுத்துவிட்டார். கரையில் கிடந்து காய்ந்த பலகை சுருங்கியிருக்கும். ஆற்றில் இறங்கினால் ஊதும். இறுகிக் காய்ந்த பட்டியை வெளியே தள்ளிவிடும். திரெங்கானுவின் பூலாவ் டுயோங் தச்சர்கள் செங்கால் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரப்பட்டையை வைத்து இறுக்குவார்களே, அந்தப் பட்டையும் தண்ணீரில் ஊதித்தான் இடைவெளியை அடைக்கிறது. ஆகவே ஆணித் தலைக்கும் பள்ளத்துக்கும் மட்டும் பட்டி. அதன் மேல் பிரைமர், காய்ந்ததும் மறுபடி ஒரு தேய்ப்பு. தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பாகத்துக்குச் சிவப்பு நிறச் செம்புச் சாயம். அது சிப்பி ஒட்டாமல் இருப்பதற்கு. அங்கே அழகை யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் காலை ஒன்பதரைக்குத்தான் நீலச் சாயத்தைத் தொட விட்டார். அதற்கு முன்னால் பலகையில் பனி ஈரம் இருக்கும். உச்சி வெயிலில் பூசினால் மேலே ஆடை கட்டி, பிரஷ் இழுக்கும். பிற்பகலில் பீடோர் மழையை நம்ப முடியாது. மழை தப்பினாலும், காயாத சாயத்தின் மேல் இரவுப் பனி இறங்கினால் பளபளப்பு செத்துப்போகும். டின்னைக் குலுக்கவும் கூடாது, குமிழி வரும். குச்சியால் மெல்லக் கலக்கி, பழைய காலுறைத் துணியில் வடிகட்டி, சின்னக் குவளையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டோம்.

முதல் பூச்சு நான் மட்டும், பிரஷால் பூசினேன். நன்றாகத்தான் வந்தது. ஆனால் பூசி முடித்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. திரும்பப் போய்த் தடவினேன். இரண்டாயிற்று. மறுபடி தடவினேன். "கைய எடு பாப்பா" என்றார் அப்பா. அவர் பார்க்கவில்லை; பிரஷ் ஒட்டி ஒட்டி இழுபடும் சத்தத்தைக் கேட்டார். ஈரச் சாயம் தன் கோடுகளைத் தானே நிரப்பிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடம் வேண்டும். அது கெட்டியாகத் தொடங்கிய பிறகு போடும் கோடு அப்படியே நிற்கும். சாயந்தரம் பார்த்தால் படகின் ஒரு பக்கம் முழுக்கக் கோரைப்புல் மாதிரி என் பதற்றம்.

அன்று இரவு காணொளிகளைத் தேடினேன். வெளிநாடுகளில் சொந்தப் படகுக்குத் தாங்களே சாயம் பூசுகிறவர்கள் 'ரோல் அண்ட் டிப்' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒருவர் சின்னப் பஞ்சு ரோலரால் மெல்லிசாக உருட்டிக்கொண்டு போக, இன்னொருவர் பின்னாலேயே மிருதுவான பிரஷின் நுனியால் ஒரே ஒரு தடவை நீவி விடுவார். அப்பாவிடம் சொன்னேன். "ரோலர் சொவத்துக்கு" என்று முகத்தைச் சுளித்தார். ஆனால் இரண்டு ஆள் வேண்டும் என்றதும் யோசித்தார்.

நான்காம் நாள் என் கோரைப்புல்லை 320 தாளால் தேய்த்து எடுத்தோம். தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியால் தூசி துடைத்தோம். சாயத்தில் சிறிதளவு தின்னர் கலந்து நான் உருட்டினேன், அப்பா நீவினார். ஒரு தடவைக்கு இரண்டடி அகலம், அதற்கு மேல் இல்லை. முந்தின பாகத்தின் ஓரம் காய்வதற்குள் அடுத்ததைச் சேர்த்துவிட வேண்டும். நீவும் பிரஷ் புதிய இடத்திலிருந்து பழைய ஈர ஓரத்துக்கு வந்து, விமானம் மேலே ஏறுவது போல மெல்லக் கிளம்ப வேண்டும். அந்தக் கையை எனக்கு யாராலும் கற்றுக்கொடுக்க முடியாது. "இன்னும் ஒரு சாண்பா... அங்கதான்" என்று நான் சொல்லச் சொல்ல அவர் பிரஷ் வந்தது. என் ரோலர் சத்தத்தை வைத்தே, "சாயம் கொறைஞ்சிருச்சி, தொட்டுக்க" என்பார். ஒலிபரப்பில் பத்தாண்டு காதொலிக்கருவி மாட்டியவள் நான். எனக்கு அந்த வித்தியாசம் கேட்கவில்லை.

முடித்தபோது பன்னிரண்டு மணி. மழை மூட்டத்தில் முன்கூரை இருட்டாக இருந்ததால் டியூப் லைட்டைப் போட்டேன். அப்பாவின் சோதனை அதுதான்: படகில் விழும் விளக்கின் பிம்பம் நேர்க்கோடாகத் தெரிந்தால் பூச்சு வழவழப்பு, நெளிந்தால் இல்லை. ஒரு காலத்தில் அவரே தலையைச் சாய்த்துப் பார்ப்பார்.

"டியூப் லைட்டு நேரா தெரியுதா?"

முகப்பிலிருந்து நடந்தேன். நேராகத் தெரிந்தது, கண்ணாடியில் தெரிவது போல. பின்பக்கம், ஒரு முழம் தூரத்தில், கோடு லேசாக நெளிந்து சாயம் வடிந்திருந்தது. நான் அதிகமாக உருட்டிய இடம். நாளை காலை எனக்கு நேரலை. அங்கிள் நிச்சயம் கவனிக்க மாட்டார். அப்பாவுக்குத் தெரியப் போவதில்லை.

"முன்னாடியெல்லாம் நேரா இருக்குப்பா. பின்னாடி ஒரு முழத்துக்கு வடிஞ்சிருக்கு."

"தொட்டியா?"

"தொடல."

"நல்லாக் காயட்டும். அப்புறம் தேச்சி எடுத்துக்கலாம்" என்றபடி துணியில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நிலையத்துக்குப் போன் செய்து, இன்னும் இரண்டு நாள் லீவு கேட்டேன்.