எலியாவை உறங்கவிட்ட வானதூதர்



2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. முஸ்லிம் சகோதரர் வாழும் அட்டாளைச்சேனை போன்ற கரையோர ஊர்களில், அலையோசை கேட்டே உறங்கிப் பழகிய பலர் அவ்வோசைக்கு அஞ்சி விழித்திருந்தார்கள்.

உறக்கம் கெட்டால், அச்சத்தை எழுப்பும் மூளைப்பகுதி மிகையாகத் தூண்டப்படுகிறது. கதவு தட்டப்பட்டாலும் நெஞ்சு பதறும். பிள்ளை அழுதாலும் சினம் மூளும். இதை விசுவாசக் குறைவு என்பது தவறு. நானும் அவ்வாறு எண்ணியதுண்டு.

அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். அஞ்சி ஓடி, சாவை வேண்டிப் படுத்த எலியாவை வானதூதர் கடிந்துகொள்ளவில்லை. எழுப்பி, அப்பமும் நீரும் தந்தார், மீண்டும் உறங்கவிட்டார். ஆண்டவரின் மெல்லிய குரல் அதன் பின்னரே கேட்டது.

உங்கள் இல்லத்தில் இரவெல்லாம் புரளும் தாய் இருந்தால், இன்று செபமாலை முடிந்ததும் கைக்குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.