பழைய வண்டிக்குப் புதிய பேரிங்



சாரல் காலத்தில் தென்காசியிலிருந்து குற்றாலத்திற்குக் குடும்பம் குடும்பமாக மக்களை ஏற்றிச் சென்ற வண்டிகளுள் மாருதி ஆம்னி வேனுக்குத் தனி இடம் உண்டு. ஜப்பானின் சுஸுகி நிறுவனம் வடிவமைத்த, மூன்று சிலிண்டர்களும் 796 சி.சி. கொள்ளளவும் உடைய சிறிய என்ஜின் அது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 காரிலும் அதே என்ஜின்தான். 800இன் உற்பத்தி 2014லும், ஆம்னியின் உற்பத்தி 2019லும் நின்றுவிட்டன. ஆயினும் அவ்வண்டிகளை நம்பி அடுப்பெரியும் வீடுகள் இன்றும் உள்ளன.

அத்தகைய வீட்டில் என்ஜினை இறக்கி வேலை பார்க்க நேர்ந்தால், பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். அச்செலவில் பேரிங்குகளின் பங்கு மிகச் சிறியது. ஆனால், அவற்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் மீதிச் செலவு முழுவதும் வீணாகிவிடும். ஆகவே, பேரிங்கின் விலையைக் கேட்குமுன் அளவைக் கேளுங்கள் என்பதே இம்மாதம் நாம் சொல்ல விரும்புவது.

பேரிங் என்றதும் உருண்டைகள் நிறைந்த வளையமே பலருக்கு நினைவில் வரும். கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங் அப்படிப்பட்டதன்று. அரைவட்டமாக வளைந்த இரண்டு மெல்லிய தகடுகள் சேர்ந்ததே ஒரு பேரிங். கிராங்க் சுழலும்போது அது இத்தகடுகளின் மீது உரசுவதில்லை. இடையிலுள்ள எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கிறது. அப்படலத்திற்கான இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர் வரைதான். இடைவெளி கூடினால் எண்ணெய் அழுத்தம் குறைந்து தட்டும் ஓசை எழும். குறைந்தால் பேரிங் சூடேறி உருகிப் பிடித்துக்கொள்ளும்.

செங்கோட்டையைக் கடந்து புளியரை மலைப்பாதையில் ஆட்களை நிறைத்துக்கொண்டு ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். கியரைக் குறைக்காமல் வண்டியை முக்க வைத்து ஏற்றினால், சுமை மிகுந்திருக்கும் அதே வேளையில் சுழற்சி குறைவதால் படலம் மெலிந்து, உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது.

எனவே, கடைக்குச் செல்லுமுன் கழற்றிய பழைய பேரிங்குகளை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியின் நோயை அவையே சொல்லும். பரப்பெங்கும் கீறல்களும் பதிந்த துகள்களும் இருந்தால் எண்ணெயில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. உருகி வழித்தாற்போல் இருந்தால் எண்ணெய் வந்து சேரவில்லை. எண்ணெய்ப் பம்பையும் எண்ணெய் வழிகளையும் சோதிக்க வேண்டும். கனெக்டிங் ராடு பேரிங்கின் ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம். இக்காரணங்களை நீக்காமல் எத்துணை உயர்ந்த பேரிங்கைப் போட்டாலும் அது பழையதன் வழியே போகும்.

அடுத்தது அளவு. கிராங்கில் பேரிங் அமரும் ஒவ்வோர் இடத்தையும் மைக்ரோமீட்டர் கொண்டு பல திசைகளில் அளக்க வேண்டும். தேய்ந்தோ, வட்டம் கெட்டோ இருந்தால் லேத்துப் பட்டறையில் கிரைண்டிங் செய்து, குறைந்த அளவுக்கு ஏற்ற 'அண்டர் சைஸ்' பேரிங் வாங்க வேண்டும். 0.25 என்று குறித்த பேரிங், விட்டம் 0.25 மில்லிமீட்டர் குறைக்கப்பட்ட கிராங்குக்கு உரியது. கிரைண்டிங் தேவையில்லை என்றால், நிலையான அளவிலேயே மெல்லிய வேறுபாடுகள் உண்டு என்பதை மறவாதீர்கள். சுஸுகியின் பல என்ஜின்களில் கிராங்கிலும் பிளாக்கிலும் பொறித்த குறிகளைச் சேர்த்துப் பார்த்து, அதற்குரிய வண்ணக்குறியுள்ள மெயின் பேரிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கையேட்டில் இதற்கான அட்டவணை இருக்கும்.

மூன்றாவதுதான் தயாரிப்பாளரின் பெயர். கடினமான பேரிங்கே சிறந்தது என்று எண்ணுவது சரியன்று. விலை உயர்ந்த கிராங்கைக் காப்பதற்காகத் தான் தேய்வதும், எண்ணெயில் வரும் சிறு துகளைத் தனக்குள் புதைத்துக்கொள்வதும் பேரிங்கின் கடமை. அதனால்தான் எஃகு முதுகின்மேல் அலுமினியமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகத்தையோ, செம்புக் கலவையின்மீது மிக மெல்லிய மேற்பூச்சையோ அமைக்கிறார்கள். ஜப்பானில் டைடோ, டைஹோ ஆகியனவும், நம் கோயம்புத்தூரில் ஆலையுள்ள பைமெட்டல் பேரிங்ஸும் இத்தொழிலில் நெடுங்காலப் பெயர் பெற்றவை. ஆனால், அட்டைப் பெட்டியின் பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். தகட்டின் முதுகில் அளவும் குறியும் தெளிவாகப் பொறிக்கப்பட்டுள்ளனவா, எண்ணெய்த் துளை பிளாக்கின் துளைக்கு நேராக வருகிறதா, எல்லாத் தகடுகளும் ஒரே கனமாக உள்ளனவா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது உப்புத்தாள் கொண்டு பேரிங்கைத் தேய்ப்பதும், இறுக்கம் போதவில்லையென முதுகில் காகிதம் வைப்பதும், தகட்டின் நுனியை அரத்தால் ராவுவதும் வேண்டாம். நுனி சற்றே மேலெழுந்து நிற்பது பிழையன்று. போல்ட்டை இறுக்கும்போது தகடு தன் இடத்தில் அசையாமல் பதிவதற்கென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிகேஜ் என்னும் மெல்லிய இழையை இடையில் வைத்து இறுக்கிக் கழற்றினால், அது நசுங்கிய அகலமே இடைவெளியைக் காட்டிவிடும். போல்ட்டுகளை முறுக்கு விசை காட்டும் ஸ்பேனரால் கையேட்டின்படி இறுக்கச் சொல்லுங்கள். முடுக்குமுன் பேரிங்குகளுக்கு எண்ணெய் பூசப்பட வேண்டும்.

இவ்வளவையும் நாமே செய்ய இயலாதுதான். ஆனால், "கிராங்கின் அளவு எவ்வளவு வந்தது? இடைவெளி எவ்வளவு இருக்கிறது?" என்று பணிவோடு கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. நல்ல மெக்கானிக் அக்கேள்வியால் மகிழ்வார். தாம் அளந்ததைத் தாளில் எழுதியும் தருவார். அந்தத் தாளைப் பில்லுடன் சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை என்ஜினைத் திறப்பவருக்கு அதைவிடச் சிறந்த வழிகாட்டி வேறில்லை.