நாய் நக்கினால் புண் ஆறாது

"நாய் வாய் நம்ம வாயைவிடச் சுத்தம் சிஸ்டர், நக்கினா புண் ஆறிடும்" என்று ஊசி போட வருபவர்கள் இன்னமும் என்னிடம் சொல்கிறார்கள். இரண்டு வாயிலும் நூற்றுக்கணக்கான பாக்டீரியா வகைகள் உண்டு. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, நாய் வாயில் 353 வகைகளைக் கண்டது. மனித வாயிலும் இருப்பவை அவற்றில் சுமார் 16 சதவீதமே. சுத்தத்தில் ஏற்றத்தாழ்வு இல்லை, குடியிருக்கும் கிருமிகள்தான் வேறு. நாய் எச்சிலில் உள்ள பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா காயத்தில் புகுந்தால், ஒரே நாளில் அந்த இடம் சிவந்து வீங்கிவிடலாம். ரேபிஸ் வைரஸும் எச்சில் வழியேதான் பரவுகிறது.

நாய் கடித்துவிட்டால், கடிவாயில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் அப்பிக்கொண்டு வராதீர்கள். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வளர்ப்பு நாயைத் தாராளமாகக் கொஞ்சுங்கள். புண்ணை மட்டும் நக்கவிடாதீர்கள்.