ஏலத்தோட்டத்தில் கெடாத விசுவாசம்

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் கிறிஸ்தவ வீடுகளில் ஒரே பேச்சுதான். இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களானாலும் சரி, சிஎஸ்ஐ சபைத் தெருக்களானாலும் சரி, மார்க் எவ்வளவு என்று கேட்ட வாய் அடுத்து, "எந்தக் காலேஜ், நம்ம காலேஜா?" என்று கேட்கும். இல்லை என்று சொன்னால் குரல் இறங்கும். "வெளியில விட்டா பிள்ளை கோயில் பக்கமே வராது, பாத்துக்கங்க." பெந்தெகொஸ்தே வீடுகளில் இதையே 'பின்மாறிப் போகும்' என்பார்கள். சபைக்குச் சபை சொல் மாறுகிறதே தவிர பயம் ஒன்றுதான். நம்மவர் நடுவில் வளர்ந்த பிள்ளை பிறர் நடுவில் போய் உட்கார்ந்தால் விசுவாசம் கரைந்துவிடுமாம்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து ஜனம் கலைகிற நேரம். கோயில் வாசலில் ஒரு தாய் பங்குச் சாமியாரிடம், "சாமி, மகளுக்குக் கோயம்புத்தூர் விவசாயக் காலேஜ்ல சீட்டு கிடைச்சிருக்கு" என்றார். முந்தானையில் சுற்றி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டவும் செய்தார். சாமி வாங்கிப் பார்ப்பதற்குள் பங்குப் பேரவைக்காரர் ஒருவர் முந்திக்கொண்டார். "ஏம்மா, அம்புட்டுத் தூரம் எதுக்கு? சிஸ்டர்மார் காலேஜ்ல ஏதாச்சும் ஒரு டிகிரி போட்டுவிடுங்க. பொம்பளப் பிள்ளை." அந்தக் கடைசி இரண்டு சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அவற்றிடம் திரும்ப வரவேண்டியிருக்கிறது.

வெளியே போனால் விசுவாசம் கரையும் என்ற இந்த நம்பிக்கை பொய் என்று மட்டும் நான் சொல்லவில்லை. இதைச் சொல்கிறவர்களே இதை நம்புவதில்லை என்கிறேன்.

விடியற்காலையில் கம்பத்திலோ தேவாரத்திலோ போடியிலோ ரோட்டோரம் நின்று பாருங்கள். கேரள ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் வரிசையாக ஏறும். மடியில் தூக்குச்சட்டி, இடுப்பில் கட்டிக்கொள்ள மடித்து வைத்த சாக்கு, நெருக்கியடித்து உட்கார்ந்த பெண்கள். கழுத்தில் சிலுவை போட்டவளும் நெற்றியில் திருநீறு பூசியவளும் தலையில் முக்காடு போட்டவளும் ஒரே ஜீப்பில், ஒரே தோட்டத்தில், ஒரே கங்காணிக்குக் கீழே காய் எடுக்கிறார்கள். இவர்களோடு பதினேழு வயதுப் பிள்ளைகளும் போனதுண்டு. அந்தப் பிள்ளைகளின் விசுவாசம் என்னவாகும் என்று எந்தப் பேரவைக்காரரும் ஜீப்பை மறித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வளைகுடாவை எடுத்துக்கொள்ளுங்கள். சவுதியில் தேவாலயம் கட்டவே அனுமதி கிடையாது. மகனுக்கு அங்கே விசா வந்தால் நன்றித் திருப்பலிக்குப் பணம் கட்டுகிறோம். சபையில் சாட்சி சொல்லிக் கைதட்டு வாங்குகிறோம். கோயிலே இல்லாத நாட்டில் ஐந்து வருடம் கெடாத விசுவாசம், தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிற மதுரையிலோ கோவையிலோ மூன்று வருடத்தில் கெட்டுவிடுமா? கூலிக்குப் போனால் கெடாது, சம்பளத்துக்குப் போனால் கெடாது, படிக்கப் போனால் மட்டும் கெடும் என்பது என்ன இறையியல் என்று எனக்கு விளங்கவில்லை.

இதைவிடப் பெரிய முரண் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நம் பங்குப் பள்ளிகளிலும் மிஷன் பள்ளிகளிலும் சுற்றுப்பட்டி இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் படித்து வந்திருக்கிறார்கள். சிலுவைக்குக் கீழே உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் இடையர் வேடம் கட்டினார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தார்கள். நம் பள்ளிகள் மதம் மாற்றுகின்றன என்று இன்று குற்றச்சாட்டு எழும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? பக்கத்தில் உட்கார்ந்து படித்ததாலேயே ஒருவர் மதம் மாறிவிடுவதில்லை, எங்கள் பழைய மாணவர்களைப் பாருங்கள் என்கிறோம். சரியான பதில், உண்மையான பதில். அந்த உண்மை நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் பொருந்தாமல் போனது? விவசாய வீட்டு இந்துத் தகப்பன் தன் மகளைக் கன்னியர் மடத்துப் பள்ளியில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தோட்டத்துக்குப் போனார். அவருக்குத் தன் சாமி மேல் இருந்த நம்பிக்கை நமக்கு நம் ஆண்டவர் மேல் இல்லை என்றுதானே ஆகிறது.

'நம்ம காலேஜ்' என்பதும் ஒரு மயக்கம். 1881இல் பசுமலையில் அமெரிக்க மிஷன் தொடங்கி, 1904இல் மதுரைக்கு இடம் மாற்றிய அமெரிக்கன் கல்லூரியில் போய்ப் பாருங்கள். வகுப்பில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர் அல்லாதவர்கள். இதற்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் நாம் நூற்றுக்கு ஆறு பேர். எந்த மதிலுக்குள் போனாலும் மீதித் தொண்ணூற்று நான்கு பேர் அங்கே இருக்கத்தான் செய்வார்கள். நம் பள்ளத்தாக்கிலேயே, 1956இல் ஹாஜி கருத்த ராவுத்தர் என்ற முஸ்லிம் வள்ளல் உத்தமபாளையத்தில் தொடங்கிய கல்லூரியில் அக்கம்பக்கத்து ஊர்க் கிறிஸ்தவப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் திருமணங்கள் இன்றும் கோயிலில்தான் நடக்கின்றன.

வாலிபர் முகாம்களில் தானியேலைப் பற்றிப் பிரசங்கிக்காதவர் கிடையாது. ராஜாவின் சாப்பாட்டைத் தொடமாட்டேன் என்ற வைராக்கியத்தை ஒரு மணி நேரம் பேசுவார்கள். அதே அதிகாரத்தில், அதற்குச் சற்று முன்னால், அந்தப் பையன்களை பாபிலோன் அரண்மனையில் மூன்று வருடம் கல்தேயருடைய எழுத்தையும் மொழியையும் படிக்க வைத்ததாக இருக்கிறதே, அதைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். சாப்பாட்டை மறுத்த தானியேல் பாடத்தை மறுக்கவில்லை. நம் மதுரை மறைப்பணி மட்டும் என்ன? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, ஒரு பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதம் கற்றவர். அன்றைக்கு அவரைச் சந்தேகப்பட்டவர்களும் திருச்சபைக்கு உள்ளே இருந்தவர்கள்தான்.

இனி அந்த இரண்டு சொற்களுக்கு வருவோம். பொம்பளப் பிள்ளை. பயம் விசுவாசத்தைப் பற்றியதல்ல, கல்யாணத்தைப் பற்றியது. கல்யாணம் என்றால் மதம் மட்டுமா? வேறு சாதிக் கத்தோலிக்கப் பையனை, ஞானஸ்நானம் பெற்று, உறுதிப்பூசுதல் பெற்று, ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிறவனை, மகள் கைகாட்டினால் வீடு என்ன பாடுபடும் என்பது நமக்குத் தெரியாததா? கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் சபைப் பெயருக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் அச்சாகிறது. 2008இல், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் கத்தோலிக்கரும் கத்தோலிக்கரும் சாதிக்காக மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. அவர்களில் எவரும் வெளி உலகக் கல்லூரியில் படித்துக் கெட்டவர்கள் அல்லர். வேலிக்குள்ளேயே வளர்ந்தவர்கள். வேலி காப்பது விசுவாசத்தை அல்ல, அதன் பெயரில் ஒளிந்திருக்கிற சாதியை. மகன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், மகள் கண்பார்வையிலேயே படிக்கவேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே போனவர் கதை ஒன்றைச் சொல்கிறேன். தேனியிலிருந்து ரொம்பத் தூரமில்லாத டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பக்தியுள்ள கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது பெயர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்காளர் பயிற்சி, பம்பாயில் தொழில், அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பு. பிரிட்டிஷ் ஆட்சி இந்தியாவின் பணத்தை என்ன செய்தது என்பதை அங்கே ஆராய்ந்தவர், 1929இல் சபர்மதிக்குப் போய் காந்தியைச் சந்தித்தார். கோட்டு சூட்டைக் கழற்றிக் கதர் கட்டினார். கிராமத் தொழில்களுக்காக வார்தாவில் உழைத்தார், சிறை போனார். நம் பேரவைக்காரர் அளவுகோலில் இவர் ஒன்றுக்கு மூன்று முறை கெட்டுப்போனவர்: சீமைக்குப் போனார், சந்தேகக் கேள்வி கேட்கும் பல்கலைக்கழகத்தில் படித்தார், இந்துத் தலைவர் ஒருவருக்குப் பின்னால் போனார். ஆனால் சிறையிலிருந்து அவர் எழுதியது இயேசுவைப் பற்றிய புத்தகம். அதற்கு முன்னுரை எழுதியவர் காந்தி. வெள்ளை ஆட்சிக்கு ஒத்தூதிய திருச்சபைத் தலைவர்களை, மலைப்பிரசங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டார். அப்போது வேலிக்குள் பத்திரமாக இருந்தவர்கள் கவர்னர் விருந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

சமூகமாக நாம் கணக்குப் போட்ட ஒரு தருணமும் உண்டு. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 சதவீதம் பிரித்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டே கிறிஸ்தவத் தரப்பு எங்களுக்கு அது வேண்டாம் என்று சொல்லித் திரும்பப் பெறவைத்தது. தனிப் பங்கில் கிடைக்கிற இடங்களைவிடப் பொதுவில் போட்டியிட்டால் கூடுதல் இடம் என்பது தெளிவாகிவிட்டது. சீட்டு விஷயத்தில் வேலி நஷ்டம் என்று தெரிகிறது. பிள்ளையின் மனசு விஷயத்தில் மட்டும் வேலிதான் லாபம் என்கிறோம்.

வெளியே போனவர்களில் கோயிலை விட்டவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்கள் விடத் தொடங்கியது கல்லூரியில் அல்ல. பத்து வயதில் மறைக்கல்வி வகுப்பில், "டைனோசர் எந்த நாள்ல படைச்சாரு சிஸ்டர்?" என்று கேட்டு, "வாயை மூடு" என்ற பதிலை வாங்கிய நாளிலேயே பாதி விட்டாயிற்று. விடுதி அறையில் பக்கத்துக் கட்டில்காரன் அதே கேள்வியை மரியாதையாக உட்கார்ந்து பேசியபோது மீதி போயிற்று. ஞாயிறு வகுப்பில் பன்னிரண்டு வருடம் கிளிப்பிள்ளையாக ஜெபம் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு, பதினெட்டு வயதில் அவன் பதில் இல்லாமல் நின்றால் பழி கோயம்புத்தூர் மேலா?

ஆகவே பங்குப் பேரவைகளுக்கும் சபைக் கமிட்டிகளுக்கும் என் வேண்டுகோள் இது. போடி அரசுப் பொறியியல் கல்லூரியோ, தேனி மருத்துவக் கல்லூரியோ, டெல்லியோ, எங்கே இடம் கிடைத்தாலும் பிள்ளையை வழிமறிக்காதீர்கள். அதற்கு முந்தைய இரண்டு வருடம் ஞாயிறு வகுப்பில் எந்தக் கேள்வியையும் கேட்க விடுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வளைகுடா விசாவுக்கு வைக்கிற நன்றித் திருப்பலியை வரும் ஜூனில் ஒரு மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கும் வையுங்கள். அவள் பெயரைப் பீடத்திலிருந்து சத்தமாக வாசியுங்கள்.