பெற்றவள் இருக்க, பிள்ளை ஏன் இல்லத்தில்?

"பெத்த பிள்ளையை ஹோம்ல விட்டுட்டு இவளுக்கு எப்படித்தான் சோறு இறங்குதோ!" குழாயடியிலும் கோயில் வாசலிலும் நாம் சுலபமாகச் சொல்லிவிடும் வார்த்தை இது. சொல்வதற்கு முன் ஒரு கணக்கைப் பாருங்கள், சகோதரிகளே.

2020-ல் கொரோனா பரவியபோது, நாடு முழுவதும் குழந்தைகள் இல்லங்களில் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் 1 லட்சத்து 45 ஆயிரம் பேர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ சேர்க்கப்பட்டுவிட்டதாக, அந்த வருஷக் கடைசியில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதாவது, மூன்று பிள்ளைகளில் இரண்டு பேருக்குப் போக ஒரு வீடு இருந்திருக்கிறது! அப்படியானால் அதுவரை அவர்கள் ஏன் இல்லத்தில் இருந்தார்கள்?

நான் பத்தாவது வரை படித்தவள். எங்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இரண்டு வருஷமாகச் சட்டம் சார் தன்னார்வலராக இருக்கிறேன். நான் பார்த்தவரையில் பாதிக் காரணம் வறுமை. மீதிப் பாதி பயமும் காகிதமும்தான்.

சட்டம் தாய்க்கு எதிரி அல்ல. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, மீட்கப்பட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் (பயண நேரம் போக) குழந்தைகள் நலக் குழு முன்பு கொண்டுவர வேண்டும். தலைவரோடு சேர்த்து ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் உண்டு. குழந்தையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது அதே சட்டம். வேறு வழியின்றிக் கையெழுத்துப் போட்டுப் பிள்ளையை ஒப்படைத்த தாய்க்குக்கூட, மனம் மாற 2 மாதம் அவகாசம் உண்டு. இது எத்தனை தாய்மாருக்குத் தெரியும்?

சித்தாள் வேலைக்குப் போகும் ஒரு பெண். கணவன் விட்டுப் போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் பூ விற்றுக்கொண்டிருந்த அவளுடைய இரண்டு பிள்ளைகளை மீட்டு இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் போக வேண்டிய வயசு. ஆனால் அந்தத் தாய் மூன்று முறை அலுவலகப் படியேறியும், "பிறப்புச் சான்று எங்கே, ரேஷன் கார்டு எங்கே" என்ற கேள்வியோடு திரும்பி வந்தாள். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு. நாலாவது முறை போகவே இல்லை. "போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு அக்கா" என்றாள். அவள் வராமல் இருந்ததை, பிள்ளை மேல் அக்கறையில்லாதவள் என்று எழுதிவிட்டால் என்ன ஆவது?

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அவளோடு போய்ப் பிரசவமான ஆஸ்பத்திரி விவரத்தை வைத்துச் சான்றிதழ் வாங்கினோம். மனு எழுதிக் கொடுத்தேன். விசாரணைத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு முதல் நாளே ஞாபகப்படுத்தினேன். குழுவின் முன்னால் அவள் பேசும்போது பக்கத்தில் நின்றேன். மூன்று மாதத்தில் பிள்ளைகள் அம்மாவிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் வந்த பிள்ளைகள் மறுபடியும் பூக்கூடையைத் தூக்கக்கூடாதே! அதற்கும் வழி இருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-ல் வந்த விதிமுறைப்படி, விதவைகள், கைவிடப்பட்டவர்கள், கடும் நோயில் விழுந்த பெற்றோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். பிள்ளையை இல்லத்தில் வைத்து ஆகும் செலவைவிட, தாயின் கையைப் பலப்படுத்துவது மேல் அல்லவா?

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எல்லாப் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பியே தீருவது என்று கிளம்பிவிடக்கூடாது. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பன் இருக்கும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று ஒரு பெண் குழந்தை அழுதது. அதைக் குழுவிடம் சொல்ல வைப்பதுதான் அங்கே என் வேலை. சேர்த்து வைப்பது நல்லதுதான். பிள்ளையின் பத்திரம் அதைவிடப் பெரிது.

சகோதரிகளே! இந்த வேலைக்கு வக்கீல் படிப்பு வேண்டாம். பத்தாவது தேறியிருந்தால் போதும், சட்டம் சார் தன்னார்வலராக மனுப்போடலாம், பயிற்சியும் தருகிறார்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்பதையாவது அக்கம்பக்கத்தில் சொல்லுங்கள். சட்ட உதவிக்கு 15100, ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு 1098.

மத்தியானம் சீரியல் பார்க்கும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் ஒதுக்கினால், ஒரு தாய் நாலாவது முறையும் தைரியமாகப் படியேறுவாள். குழாயடியில் பழி சொல்லும் நாம், ஒரு முறை துணைக்குப் போனால் என்ன?

- ஓர் இல்லத்தரசி