பழைய வில்லையும் புதிய கமராவும்

வீடுகளிலே அலுமாரியின் மேற்றட்டில் தூசு படிந்து கிடக்கும் பொருள்களுள் பழைய கமராவும் ஒன்று. படச்சுருள் வாங்கிப் போடுவார் அரியர். போட்டாலும் அதனைக் கழுவித் தருவாரை எளிதிற் காண முடிவதில்லை. ஆகவே, அதனைப் பழைய இரும்பு வாங்க வருபவனிடம் கொடுத்துவிடலாமா, அல்லது பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாக்கி விடலாமா என்று வீட்டார் யோசிப்பர். அவ்வாறு யோசிப்போர்க்கு இவ்வாரம் ஒரு வார்த்தை. கமராவின் உடல் பயனற்றுப் போயிருக்கலாம். ஆனால், அதன் முகத்தில் இருக்கும் கண்ணாடி வில்லை பார்வையிழந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. சிறு துரும்பும் பல்லுக் குத்த உதவும் என்பர், இதுவோ துரும்பன்று.

என் சிற்றப்பா மொஸ்கோவிற் கல்வி கற்றுத் திரும்பியபோது, செனித் என்னும் கமரா ஒன்றைக் கொண்டு வந்தார். எங்கள் குடும்பத்தில் நடந்த கலியாணங்களும் காதுகுத்துகளும் அதன் வாயிலாகவே படங்களாயின. அதன் வில்லைக்கு ஹீலியோஸ் 44-2 என்று பெயர். வரிசை எண் 74 என்று தொடங்குகின்றது. சோவியத் வில்லைகளில் வரிசை எண்ணின் முதலிரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பன. ஆகவே, அது 1974இல் வார்த்த கண்ணாடி எனக் கொள்ளலாம். பல்கலைக்கழகத்திற் படிக்கும் என் மருமகன் அதனைக் கழற்றித் தன்னுடைய டிஜிற்றல் கமராவிற் பொருத்தப் போவதாகச் சொன்னபோது, நான் நம்பவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய கண்ணுக்கும் இன்றைய மூளைக்கும் என்ன உறவு என்று எண்ணினேன்.

அவ்வில்லையின் குலமுறையைச் சிறிது பார்ப்போம். ஜேர்மனியில் யேனா நகரத்துக் கார்ல் சைஸ் தொழிற்சாலையில் வில்லி மெர்ட்டே என்னும் அறிஞர் பயோட்டார் என்ற வில்லை வகையை வகுத்தார். 1930களின் இறுதியில் 58 மில்லிமீற்றர் குவியத் தூரமுடைய பயோட்டார் சிறு கமராக்களுக்கென வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபின், யேனாத் தொழிற்சாலையின் இயந்திரங்களிற் பெரும்பகுதி போர் நட்டஈடாகச் சோவியத் நாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டது. மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிராஸ்னகோர்ஸ்க் நகரத் தொழிற்சாலையில் பயோட்டாரின் அமைப்பைத் தழுவி ஹீலியோஸ் 44 தோன்றியது. பிற்காலத்தில் வால்டாய், மின்ஸ்க் ஆகிய இடங்களிலும் அது செய்யப்பட்டது. செனித் கமராக்களுடன் இலட்சக்கணக்கில் உலகெங்கும் பரந்தமையால், இன்றும் அது குறைந்த விலைக்குக் கிடைக்கின்றது. சிற்றப்பாவின் பெட்டிக்குள் வந்ததும் இவ்வழியாலேயே.

இனி, அது புதிய கமராவிற் பொருந்துவது எவ்வாறு? ஒவ்வொரு கமராவிலும் வில்லை பொருந்தும் விளிம்புக்கும் படம் பதியும் தளத்துக்கும் இடையே ஒரு குறித்த தூரம் உண்டு. ஹீலியோஸ் வில்லை 42 மில்லிமீற்றர் விட்டமுள்ள புரியாணி போலத் திருகிப் பூட்டப்படுவது. இப் பூட்டுக்குரிய தூரம் 45.46 மில்லிமீற்றர். பழைய கமராக்களில் வில்லைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நின்று, காட்சியை மேலே கண்ணுக்கு அனுப்பும்; அதற்கு இடம் வேண்டியிருந்தமையாலேயே இத் தூரம் இவ்வளவு நீண்டது. 2008ஆம் ஆண்டு முதலாக அச் சாய்கண்ணாடி இல்லாத கமராக்கள் சந்தைக்கு வந்தன. மருமகனிடம் உள்ள சோனிக் கமராவில் இத் தூரம் 18 மில்லிமீற்றர் மட்டுமே. 45.46இலிருந்து பதினெட்டைக் கழித்தால் வரும் மீதி, ஏறக்குறைய 27 மில்லிமீற்றர், எவ்வளவோ அவ்வளவு நீளமான ஒரு வெறுங் குழாயை இடையிலே வைத்தால் போதும். அக் குழாய்க்குள் கண்ணாடியும் இல்லை, மின்கம்பியும் இல்லை. சாய்கண்ணாடியுள்ள பழைய நிக்கோன் வகையில் இத் தூரம் 46.5 மில்லிமீற்றர், அதிலே குழாய்க்கு இடமே இல்லை. ஒரு மில்லிமீற்றர் கூடியமையால், தொலைவிலுள்ள மலையையும் கோபுரத்தையும் இவ்வில்லை அதிலே தெளிவாகக் காட்டமாட்டாது. கணிதம் வீட்டுக்கு உதவாது என்று சலிக்கும் மாணவர் இக் கழித்தற் கணக்கைக் கவனிப்பாராக.

பொருத்திவிட்டால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று எண்ணலாகாது. வில்லை இருப்பதைக் கமரா அறியமாட்டாது. ஆகவே, வில்லையின்றியும் படமெடுக்கலாம் என்னும் அனுமதியைக் கமராவின் அமைப்புப் பட்டியலில் முதலிற் கொடுத்தல் வேண்டும். கைநடுக்கத்தைத் தணிக்கும் பொறி கமராவின் உடலில் இருந்தால், 58 என்னும் எண்ணை நாமே அதற்குச் சொல்லிவைத்தல் வேண்டும். குவியத்தையும் துவாரத்தையும் விரலாலேயே திருப்புதல் வேண்டும். வெளிச்சத்துக்கேற்பக் கதவு திறந்து மூடும் வேகத்தை மாத்திரம் கமரா பார்த்துக்கொள்ளும். நன்மை என்னவெனில், திரையிலே காட்சியைப் பெருப்பித்துப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்யலாம். தெளிவான ஓரங்களை நிறக்கோட்டால் காட்டும் வசதியும் உண்டு. சிற்றப்பாவுக்கு இவ்வசதி இருக்கவில்லை. அவர் கண்ணும் அனுபவமுமே அவருக்குத் துணை.

முதல் நாள் மருமகன் என் தாயாரை முற்றத்தில் இருத்தி முப்பது படங்கள் எடுத்தான். தேறியவை நான்கு. துவாரத்தை எஃப் 2 என்னும் முழு அளவுக்குத் திறந்து வைத்தால், ஒரு மீற்றர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் அவனுடைய கமராவில் ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றரே. மூக்கு நுனி தெளிந்தால் கண் மங்கும். கண் தெளிந்தால் காது மங்கும். தாயார் ஒரு மூச்சு விட்டு அசைந்தாலும் படம் தவறிவிடும். ஆயினும், தேறிய நான்கும் அழகாகவே இருந்தன. முகத்தின் பின்னே இலைகளூடு வந்த ஒளிப்பொட்டுகள் யாவும் நீர்ச்சுழி போல முகத்தைச் சுற்றி வளைந்து நின்றன.

இச் சுழியே இன்று உலகெங்கும் இளைஞர் இவ்வில்லையை விரும்பக் காரணம். அஃது உண்மையில் ஒரு குறைபாடு. மூங்கிற் குழாய் ஒன்றை நேரே பார்த்தால் அதன் வாய் வட்டமாகத் தோன்றும். சற்றுச் சரித்துப் பார்த்தால் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று மறைத்து, வாய் கண்ணின் வடிவாக ஒடுங்கும். வில்லைக்குள் ஓரமாய் நுழையும் ஒளிக்கும் இதுவே நேர்கின்றது. ஓரத்திலுள்ள ஒளிப்பொட்டுகள் ஒடுங்கி, நடுவைச் சுற்றி வரிசையாகத் திரும்பி நிற்பதால் சுழல்வது போன்ற மயக்கம் உண்டாகின்றது. ஒளியைப் பெருக்க விரும்பி அக்காலத்தவர் பொறுத்துக்கொண்ட குற்றத்தை, இக்காலத்தவர் குணமென்று கொண்டாடுகின்றனர்.

தாயார் படத்தை வாங்கிக் கண்ணுக்கருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார். "தாத்தா வைச்ச மாமரம் எங்கை மோனை?" என்று கேட்டார்.

மருமகன் விழித்தான். அந்த மரம் என் தந்தையார் இவ்வீட்டிற் குடிபுகுந்த ஆண்டில் நட்டது. அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தாயார் முற்றத்தில் இருக்கச் சம்மதித்ததே அம்மரம் பின்னால் நிற்கின்றது என்பதற்காகத்தான். அதுவோ படத்திலே பச்சைச் சுழியாகக் கரைந்து போயிற்று. அவன் ஒன்றும் பேசாது கதிரையை மரத்தடிக்கு நகர்த்தினான். தானும் சிறிது பின்னே சென்றான். துவாரத்தை எஃப் 8 வரை ஒடுக்கினான். இம்முறை பட்டை வெடித்த அடிமரமும் தாழ்ந்த கிளையும் தாயாரின் முகமும் ஒருங்கே தெளிவாக வந்தன. சுழி இல்லை; புதுமையும் இல்லை. தாயார் சட்டமிட்டுச் சுவரில் மாட்டச் சொன்னது அப் படத்தையே.

இரண்டு படங்களையும் எடுத்தது ஒரே வில்லை. எதைக் கரைப்பது, எதை வைத்திருப்பது என்று தீர்மானிப்பது கண்ணாடியன்று, அதன் வளையத்தைத் திருப்பும் விரல் என்பதை அன்று நானும் கற்றேன். கமரா எடுத்த பிள்ளைகள், படத்துக்கு இருப்பவரிடம் 'உங்களுக்குப் பின்னால் என்ன தெரிய வேண்டும்?' என்று ஒருமுறை கேட்பாராயின், பல நல்ல படங்கள் வீட்டில் மிஞ்சும்.

பழையன யாவும் நல்லன என்று நான் சொல்ல வரவில்லை. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு ஒளியைத் திருப்பிவிடும். எட்டுப் பரப்புகள் உள்ள வில்லையில் கால்பங்குக்கு மேல் இவ்வாறு வீணாகும். 1935இல் சைஸ் தொழிற்சாலையின் அலெக்சாந்தர் ஸ்மக்குலா இதனைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டார். ஹீலியோசிலும் பூச்சு உண்டு. எனினும், இன்றைய பல்லடுக்குப் பூச்சுக்கு அஃது ஈடாகாது. சூரியனுக்கு எதிரே பிடித்தால் படமெங்கும் வெண்திரை படரும். கையால் நிழல் மறைத்தல் நன்று. சூப்பர் தக்குமார் 50 மில்லிமீற்றர் முதலிய சில யப்பானிய வில்லைகளின் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால், அவை நாளடைவில் மஞ்சள் நிறம் அடையும். அவற்றிலிருந்து வரும் கதிர்வீச்சு மிகச் சிறிதே. ஆயினும், அவற்றை உடைப்பதும் அராவுவதும் கூடாது.

நம் நாட்டின் ஈரக்காற்றில் வில்லைக்கு முதற் பகை பூஞ்சணம். எங்கள் ஹீலியோசிலும் ஓரத்திலே சிலந்தி நூல் போல அது படர்ந்திருந்தது. தவறு எங்களுடையதே, முப்பது ஆண்டுகளாகத் தோலுறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டோம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். நல்ல வேளையாகப் பூச்சு அரிபடுமுன் திறந்து துடைக்க முடிந்தது. பூஞ்சணம் பூச்சை அரித்துவிட்டால், துடைத்தாலும் அதன் தடம் போகாது. வில்லையை வாங்குவோர் சிறு மின்விளக்கை ஒருபுறம் பிடித்து மறுபுறம் பார்த்து வாங்குக. துவாரத் தகடுகளில் எண்ணெய்க் கசிவு உண்டா, வளையம் இறுகாது திரும்புகின்றதா என்றும் நோக்குக.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அலுமாரியின் மேற்றட்டை ஒருமுறை பாருங்கள். வில்லை இருந்தால் எடுத்துத் துடைத்து, காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியுடன் வையுங்கள். தோலுறையைத் தனியே வெயிலிற் காய வையுங்கள். வில்லையை அதற்குள் மீண்டும் போடாதீர்கள்.